அவிழ்க்காத மூட்டை

"தொட்டியை நிறுத்த முடியுங்களா, டீச்சர்?" என்று கேட்டார் அர்த்தநாரி.

"முடியும்."

"இப்பவே?"

"இப்பவே முடியும். நிறுத்திட்டு உள்ள இருந்து எதை எடுப்பீங்க, மாஸ்டர்?"

அர்த்தநாரி தொட்டியை எட்டிப் பார்த்தார்.

தொட்டிக்குள் அவர் தேடியது ஒரு சேலை. நீல நிறத்தில் வெள்ளைக் கொடி ஓடிய பாலியெஸ்டர் சேலை. அதைப் பத்திரமாக எடுத்து வைப்பதாக ஒரு தாய்க்கு அவர் வாக்குக் கொடுத்திருந்தார். அந்தச் சேலை இப்போது சேலையாக இல்லை. கூழாகி, நீராகி, பெயர் சொல்ல முடியாத ஏதோ ஒன்றாகி, அந்த எஃகுத் தொட்டிக்குள் சுழன்றுகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை அவள் வருவாள்.

"வந்து கேட்டா நான் என்னத்தைச் சொல்றது, அம்மிணி?"

பதற்றம் மிஞ்சினால் அர்த்தநாரியின் வாயில் டீச்சர் மறைந்து அம்மிணி வந்துவிடும்.

டீச்சர் தொட்டியின் பின்புறம் நடந்தார்.



பின்னலாடை நகரத்தின் தெற்கு எல்லையில், எரிவாயு மயானத்தை ஒட்டிய தோட்டத்தில் அந்தக் கொட்டகை இருந்தது. அதை நடத்தியவர் சுகந்தி. ஒரு காலத்தில் அரசுப் பள்ளியில் வேதியியல் கற்பித்தவர்; பிறகு ஆய்வுக்கூடங்களில் காலம் கழித்தவர். நாற்பது வயது நிறையவில்லை. ஊருக்கு அவர் இன்னமும் டீச்சர்தான்.

அர்த்தநாரி அறுபதை நெருங்கியவர். வாழ்நாளெல்லாம் சாயப்பட்டறையில் மாஸ்டராக இருந்தவர். பட்டறை மூடப்பட்டபோது, மாஸ்டர் என்ற பெயர் மட்டும் அவருடன் வீட்டுக்கு வந்தது. ஈசிச்சேரில் சாய்ந்திருக்க அவர் உடம்பு இசையவில்லை. ஒரு நாள் காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொட்டகை வாசலில் வந்து நின்றார்.

"இத்தனை காலமும் துணிக்குச் சாயம் ஏத்துனனுங்க. இனி துணியை எப்படி இல்லாம ஆக்கறதுன்னு கத்துக்கோணும்."

"இல்லாம ஆக்க முடியாதுங்க, மாஸ்டர். பிரிக்கத்தான் முடியும்."

"ஏதோ ஒண்ணு. கத்துக்குடுங்க."

அன்று முதல் குரு சீடரை மாஸ்டர் என்று அழைத்தார். சீடர் குருவை டீச்சர் என்று அழைத்தார். புதிதாக வருகிறவர்கள், இங்கே யார் யாரிடம் படிக்கிறார்கள் என்று தெரியாமல் விழித்தார்கள்.



கொட்டகைக்கு வரும் துணிகள் மயானத்திலிருந்து வந்தன.

இறந்தவர் மேல் உறவினர் ஒவ்வொருவரும் ஒரு புதுத் துணி போர்த்துவது அந்தப் பக்கத்து வழக்கம். கோடி போடுதல் என்பார்கள். முன்பு பருத்தி போர்த்தினார்கள். இப்போது போர்த்துவதெல்லாம் மலிவான பாலியெஸ்டர். அதை எரிவாயு உலைக்குள் விட்டால் உருகி வழிந்து அடைத்துக்கொள்ளும், கரும்புகை கிளம்பும். ஆகவே உடலை உள்ளே அனுப்புமுன் மயானப் பணியாளர் சடையன் அவற்றை எடுத்து, ஓர் உடலுக்கு ஒரு மூட்டையாகக் கட்டி ஓரமாக வைப்பார். எந்த உறவினரும் அவற்றைத் திரும்பக் கேட்பதில்லை. இறந்தவர் மேல் போட்ட துணி வீடு திரும்பக் கூடாது.

மயானத்துச் சுவர் உயரத்துக்கு மூட்டைகள் எழும்பியபோதுதான் டீச்சர் போய்க் கேட்டார்.

"எடுத்துக்கோங்க டீச்சர், புண்ணியமாப் போகும்," என்றார் சடையன். "எரிக்கவும் முடியல, பொதைக்கவும் முடியல. செத்தவங்ககூட ஒரு மணி நேரத்துல போயிடறாங்க. இதுக மட்டும் போக மாட்டேங்குது."

கொட்டகையில் இரண்டு பாத்திரங்கள் இருந்தன. ஒன்று சுடுகொப்பரை. சரிகையும் பிசினும் ஏறிய முரட்டுத் துணிகளை, இரசாயனத்தில் கொதிக்கவைத்து உடைக்கும் பாத்திரம். மற்றது நொதித் தொட்டி. சாதாரணத் துணிகளை நறுக்கி, உருக்கி, சட்டென்று குளிரவைத்து, பொடித்து அதில் இடுவார்கள். கை பொறுக்காத சூடு. ஆனால் கொதிக்காத சூடு. அந்தச் சூட்டில் கண்ணுக்குத் தெரியாத நொதி, துணியின் கண்ணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றும்.

அர்த்தநாரிக்கு நெருப்பில்தான் நம்பிக்கை.

"நூத்தி முப்பது டிகிரிக்குப் பணியாத பாலியெஸ்டரை நான் பார்த்ததில்லீங்க. எதுக்கு இந்தத் தொட்டி இப்படி அசை போடுது?"

டீச்சர் வெளியூர் போயிருந்த ஒரு நாள், அசை போட்டது போதுமென்று தொட்டியின் சூட்டை அவரே ஏற்றிவிட்டார். நொதி செத்தது. துணி செத்துப்போன நொதியில் ஊறிக் கிடந்தது.

டீச்சர் திரும்பி வந்து எட்டிப் பார்த்தார். கோபிக்கவில்லை.

"உங்க வீட்ல தயிருக்கு எப்பப் பிரை ஊத்துவாங்க, மாஸ்டர்?"

"அது ஊட்டுக்காரி சமாச்சாரமுங்க. எனக்கென்ன தெரியும்?"

"கேட்டுட்டு வாங்க."

வீட்டில் கேட்டார். கொண்டையை முடிந்துகொண்டே அவர் மனைவி சிரித்தாள்.

"கொதிக்கிற பால்ல ஊத்துனா தயிரா வரும்? முறிஞ்சுதான் போகும். கண்ணாலம் ஆகி இத்தனை வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் அடுப்படிக்கு வழி தெரிஞ்சுதாக்கும்!"

மறுநாள் அர்த்தநாரி, தொட்டியின் சூட்டைத் தொடாமல் அதன் அருகே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். காத்திருக்கக் கற்றுக்கொண்டார். மூட்டையை அவிழ்க்க மட்டும் அவர் கற்றுக்கொள்ளவில்லை.



பிணத்தின் மேல் கிடந்த துணியைக் கையால் தொடுவதா?

சாயப்பட்டறையில் அவர் கை தொடாத விஷமில்லை. ஆனால் இந்தத் துணிகளில் பிணத்தைக் குளிப்பாட்டிய எண்ணெயும் அரப்புத் தூளும் மஞ்சள் நீரும் மணத்தன. முதல் மூட்டையைப் பார்த்ததுமே கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

டீச்சர் ஒவ்வொரு மூட்டையையும் தாமே அவிழ்த்து, உதறி, பருத்தியைத் தனியே எடுத்து, பொத்தானையும் ஊசியையும் கழற்றி, கழுவப் போடுவார். அர்த்தநாரி நுனியில் கொக்கி மாட்டிய ஒரு நீண்ட கழியைச் செய்துகொண்டார். அதைக் கொண்டு துணியைத் தூக்கி எட்ட நின்று இயந்திரத்தில் போடுவார். மாலையில் வீட்டுக்குள் நுழையுமுன் புறக்கடையில் தலைக்குக் குளிப்பார்.

"நல்ல கொக்கி," என்று டீச்சர் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார்.

அவர் கேலி செய்கிறாரா, பாராட்டுகிறாரா என்று அர்த்தநாரிக்குத் தெரியவில்லை. பாராட்டு என்றே வைத்துக்கொண்டார்.



சென்ற வாரம் சடையன், குட்டியானைச் சரக்கு வண்டியில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வந்தார். இறக்கி வைத்துவிட்டு உடனே போகாமல் தலையைச் சொறிந்தார்.

"மாஸ்டருங்க, ஒரு சமாச்சாரம். பூவாத்தாள்னு ஒரு அம்மா. மூணாவது வீதி. மக தவறிப்போச்சுங்க. காலேஜ் முடிச்சு வேலைக்குப் போயிட்டிருந்த புள்ள. மூளைக் காய்ச்சல்."

"அடப்பாவமே."

"அந்தப் புள்ள மொதல் சம்பளத்துல அம்மாவுக்கு ஒரு சீலை எடுத்துக் குடுத்துதாமா. அந்தம்மா அதைக் கட்டவே இல்ல. நல்ல நாள் பெரிய நாளுக்கு ஆகட்டும்னு பீரோவுல வெச்சிருக்குது. ஸ்டிக்கர்கூடக் கிழிக்கல. புள்ள திடீர்னு போயிட்டா பாருங்க, கோடி வாங்க ஓடறதுக்கு ஆளில்ல. யாரோ ஒரு சொந்தக்காரி பீரோவைத் தொறந்தா. புதுச் சீலை இருக்குதேன்னு அதையே எடுத்துப் புள்ள மேல போர்த்திப்போட்டா."

அர்த்தநாரி கழியைச் சுவரில் சாய்த்தார்.

"அந்தம்மாவுக்கு அப்ப நெனப்பே இல்லீங்க. எல்லாம் முடிஞ்சப்பறம்தான் பீரோவைப் பார்த்திருக்குது. ஊட்டுல கேக்க முடியல. பொணத்து மேல போட்டதை ஊட்டுக்குள்ள கொண்டாறதான்னு அடிக்க வர்றாங்களாமா. காலைல எங்கிட்ட வந்து நின்னுது. அழுகவும் இல்ல. எம்புள்ள வாங்கிக் குடுத்ததுங்க, குடுத்துருங்கன்னு ஒரே பேச்சுத்தான்."

"எது அந்த மூட்டை?"

"பச்சைக் கரை வேட்டித் துண்டுல கட்டியிருக்கறனே, அதுங்க. நீலச் சீலை. வெள்ளைக் கொடி போட்டது."

அர்த்தநாரிக்கு மகள்கள் உண்டு. அவர் நெஞ்சைத் தொட்டுச் சொன்னார்.

"எடுத்து வெக்கறேன். வெள்ளிக்கிழமை வரச் சொல்லு. என் கையாலயே குடுக்கறேன்."

சடையன் கும்பிட்டுவிட்டுப் போனார்.

டீச்சர் அன்று கொட்டகைச் சரக்கை வாங்கும் நூலாலைக்குப் போயிருந்தார். பகல் முழுவதும் மூட்டைகள் வந்துகொண்டே இருந்தன. நறுக்கும் இயந்திரம் பசித்து நின்றது. மூட்டைகளை அவிழ்க்க ஆளில்லை. அர்த்தநாரி சற்று நேரம் யோசித்தார். மூட்டையாகப் போட்டால் என்ன? இயந்திரத்துக்கு முடிச்சு எம்மாத்திரம்? பச்சைக் கரையைக் கண்டால் மட்டும் நிறுத்திக்கொள்வோம்.

கொக்கியால் தூக்கினார். போட்டார். தூக்கினார். போட்டார்.

அடியில் அகப்பட்ட மூட்டை மண்ணில் புரண்டு, கரை தெரியாமல் அழுக்கேறிக் கிடந்தது. அதையும் தூக்கினார். போட்டார்.

அது துண்டுதுண்டாகி, கழுவும் தொட்டியில் அலசப்பட்டு, உருகி, குளிர்ந்து, பொடியாகி, நொதித் தொட்டிக்குப் போன பிறகுதான் அவர் பச்சைக் கரையைத் தேடினார்.

கையால் அவிழ்த்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும்.



இப்போது டீச்சர் அவரைத் தொட்டியின் பின்புறம் அழைத்துப் போனார். அங்கே ஒரு சிறு குழாய். அதன் வழியே காரநீர் சொட்டுச் சொட்டாகத் தொட்டிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. துணி கரையக் கரையப் புளிப்புப் பிறக்கும். புளிப்பு மிஞ்சினால் நொதி வேலையை விட்டுவிடும். அதை ஆற்றுவதற்கே அந்தச் சொட்டு.

"தெரியும் உங்களுக்கு. இதை மூடினா தொட்டி நிக்கும்."

"மூடட்டுங்களா?"

"குழாய் உங்க பக்கத்துலதான் இருக்கு."

டீச்சர் போய்விட்டார்.

அர்த்தநாரி குழாயைப் பிடித்தார். திருகினார். சொட்டு நின்றது.

தொட்டியின் கண்ணாடித் துளையில் முகத்தை வைத்துப் பார்த்தார். பழுப்பு நிறக் குழம்பு. அதில் நீலம் எது? சிவப்பு எது? சாய மாஸ்டராக வாழ்ந்த மனிதர் அவர். எந்த நிறத்தையும் பார்த்த மாத்திரத்தில், இதில் இன்ன சாயம் இவ்வளவு என்று சொல்லிவிடுவார். இந்தப் பழுப்பில் எதையும் பிரித்துச் சொல்ல அவரால் முடியவில்லை. எல்லா நிறங்களும் அதில் இருந்தன.

பாதியில் நின்ற குழம்பை எந்த ஆலையும் வாங்காது. குழி வெட்டித்தான் கொட்ட வேண்டும். ஒருத்தி சேலைக்காக ஊரார் துணியெல்லாம் குழிக்குப் போகும். அப்போதும் அந்தச் சேலை கிடைக்காது.

குழாயைத் திறந்தார். சொட்டு மறுபடி விழுந்தது.

திரும்பியபோது டீச்சர் தூரத்தில் பொத்தான்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.



மறுநாள் அர்த்தநாரி கடைவீதிக்குப் போனார். மத்தியானத்துக்குள் ஒரு காகிதப் பையுடன் திரும்பினார். முகம் தெளிந்திருந்தது.

"பாருங்க, டீச்சர்."

நீலச் சேலை. வெள்ளைக் கொடி.

"சடையனைக் கூடக் கூட்டிட்டுப் போயிக் காமிச்சேன். இதேதான்னான். அதே ஆலை, அதே அச்சு. கடையில அடுக்கடுக்கா இருக்குதுங்க. ஸ்டிக்கரும் அப்படியே. இதைக் குடுத்தா அந்தம்மாவுக்கு என்ன தெரியப் போகுது?"

டீச்சர் சேலையை வாங்கிப் பார்த்தார். முந்தானையை விரித்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"நல்ல நிறம்."

"குடுத்துரட்டுங்களா?"

"பொய்னு தோணுதா?"

"பொய்தானுங்க. ஆனா, ஒரு தாய் மனசு ஆறும்னா பொய் சொன்னா என்னங்க? நான் என்ன அந்தம்மாவை ஏமாத்திச் சொத்தா எழுதி வாங்கறேன்?"

டீச்சர் சேலையை மடித்து அவர் கையிலேயே கொடுத்தார். பிறகு கொட்டகை மூலையைக் காட்டினார். அன்று வந்த மூட்டைகள் அங்கே கிடந்தன.

"முதல்ல அதை அவிழ்த்துடுங்க, மாஸ்டர். அப்புறம் இதைப் பேசலாம்."

அர்த்தநாரி கழியை எடுத்தார்.

"கொக்கி வேண்டாமே."

அவர் அசையாமல் நின்றார். டீச்சரும் நின்றார். வெளியே சடையன் யாருடனோ உரக்கச் சிரித்துப் பேசும் குரல் கேட்டது.

அர்த்தநாரி கழியைக் கீழே போட்டுவிட்டுத் தரையில் சம்மணமிட்டு அமர்ந்தார். விரல் நுனியால் முதல் மூட்டையைத் தொட்டார். ஈரமாக இருந்தது. கையை இழுத்துக்கொண்டார். மறுபடி தொட்டார்.

முடிச்சு அவிழ்ந்தது.

உள்ளே ஒரு சந்தன நிறச் சால்வை. இரண்டு மூன்று வேட்டிகள். ஒரு கட்சிக் கரைத் துண்டு. அதன் மேலேயே எதிர்க்கட்சிக் கரைத் துண்டு.

"ஊருக்குப் பொதுவான ஆளாட்டம் இருக்குது," என்றார் அர்த்தநாரி, தம்மை அறியாமல்.

அடுத்ததில் சேலைகள். அவற்றில் ஒன்று நீளம் குறைந்திருந்தது. ரவிக்கைத் துண்டை ஒழுங்காகக் கத்தரித்து எடுத்துக்கொண்டு மிச்சத்தை மட்டும் போர்த்தியிருந்தார்கள்.

அர்த்தநாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாத்தனார் வேலைதான் இது. சத்தியம் பண்ணுவேன்!"

டீச்சரும் சிரித்தார்.

அடுத்ததில், வெற்றிலைச் சாறு படிந்த ஒரு பழஞ்சட்டை. இறந்தவருடையது. மேல் பொத்தான் இருந்த இடத்தில் வேறு நிறப் பொத்தான் ஒன்றை யாரோ நான்கு சுற்று நூலோட்டித் தைத்திருந்தார்கள். அந்தப் பொத்தானைக் கழற்ற அவருக்கு நேரம் பிடித்தது.

பிறகு ஒரு மூட்டை வந்தது. மூட்டை என்று சொல்ல முடியாது. இரண்டு உள்ளங்கைகளில் அடங்கியது. உள்ளே துணியும் அதிகமில்லை. முடிச்சு மட்டும் இறுகிக் கிடந்தது. கட்டியவர் முழு பலத்தையும் அதில் போட்டிருக்க வேண்டும்.

நகம் இறங்கவில்லை. திருப்பிப் பார்த்தார். இறங்கவில்லை. கத்தரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. அதை எடுத்தார், வெட்ட மனம் வராமல் வைத்துவிட்டார்.

குனிந்து பல்லால் கடித்து இழுத்தார்.

முடிச்சு இளகியது. குட்டி குட்டி யானைகள் அச்சிட்ட ஒரு துணி விரிந்தது. ஒரு துணிதான். ஒரு முழம்கூட வராது.

வெகு நேரம் அதை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, குழாயடியில் தாமே அதைக் கசக்கிப் பிழிந்து, கழுவின துணிகளோடு போட்டார்.

காகிதப் பை முக்காலியின் மேல் அப்படியே இருந்தது.

"இதை என்ன செய்யறது, டீச்சர்?"

"வீட்ல குடுங்க."

"அவ கட்ட மாட்டாளுங்க. பாலியெஸ்டர் புழுங்குதும்பா."

"குடுத்துப் பாருங்க."

அன்று மாலை அவர் புறக்கடைக்குப் போகாமல் நேரே வீட்டுக்குள் நுழைந்தார். நுழைந்து, பாதிக் கூடம் கடந்த பிறகுதான் அது அவருக்கே நினைவு வந்தது.



தொட்டி தன் வேலையை முடித்தது.

குழம்பை வடிகட்டினார்கள். கரையாத பருத்தி நாரும் சரிகைத் துணுக்கும் சல்லடையில் தங்கின. வடிந்த நீரைக் கரித்தூள் வழியே விட்டார்கள். எல்லா நிறங்களையும் கரி வாங்கிக்கொண்டது. அப்புறம் ஓடையில் வரும் ஊற்றுநீர் போல ஒரு நீர், நிறமின்றி நின்றது.

"ஒண்ணுமே இல்லீங்களே," என்றார் அர்த்தநாரி.

டீச்சர் அமிலக் குடுவையை அவரிடம் கொடுத்தார்.

அவர் மெல்ல ஊற்றினார். தெளிந்த நீர் கலங்கியது. எங்கிருந்தோ வெண்மை புறப்பட்டு, மேகம் போலத் திரண்டு, கொஞ்சம் கொஞ்சமாக அடியில் இறங்கியது.

அதை அலசி, உலர்த்தி, தட்டுகளில் பரப்பினார்கள். மாவு போன்ற வெள்ளைப் பொடி. நூலாலை கேட்டது அதைத்தான்.

அர்த்தநாரி தட்டுகளைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"நான் அந்தம்மாகிட்ட என்ன சொல்லட்டும்?" என்று மறுபடி கேட்டார்.

"என்ன நடந்துதுன்னு உங்களுக்குத் தெரியுமில்ல, மாஸ்டர்?"

"தெரியுமுங்க."

டீச்சர் அடுத்த தட்டைப் பரப்பப் போனார்.



வெள்ளிக்கிழமை காலையில் பூவாத்தாள் வந்தாள். சடையனும் உடன் வந்தார். கைத்தறிச் சேலை கட்டிய, ஒடுங்கிய உருவம். கையில் ஒரு துணிப்பை. மடித்து, இஸ்திரி போட்டது போல வைத்திருந்தாள். திரும்பும்போது அதில் சேலை இருக்கும் என்று எண்ணி வந்திருந்தாள்.

அர்த்தநாரி முக்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

"இல்லீங்கம்மா."

அவள் அவரையே பார்த்தாள்.

"எடுத்து வெக்கறேன்னு சொன்னவன் நான்தானுங்க. மூட்டையை அவுக்காம மிஷின்ல போட்டுப்போட்டேன். கரைஞ்சுபோச்சு."

"அவுக்கலைங்களா?"

"இல்லீங்க."

"எதுக்குங்க அவுக்கல?"

டீச்சர் பொத்தான் பொறுக்குவதை நிறுத்தினார். சடையன் தரையைப் பார்த்தார்.

"தொட மனசு வரலீங்க," என்றார் அர்த்தநாரி. "பொணத்து மேல கிடந்ததுன்னு."

பூவாத்தாள் துணிப்பையை மேலும் ஒரு மடிப்பு மடித்தாள்.

"எங்க ஊட்டுலயும் அப்படித்தான் சொன்னாங்க. அவ கட்டியிருந்ததைத் தொடாதே, படுத்த பாயைத் தொடாதேன்னு. நான் தூக்கி வளத்த புள்ளைங்க."

அர்த்தநாரி தலை குனிந்தார்.

"அதே மாதிரி ஒரு சீலையைக் கடையில வாங்கி, இதுதான்னு உங்ககிட்டக் குடுத்துறலாம்னு பார்த்தனுங்க. அப்பறம் மனசு கேக்கல."

"நல்லவேளை குடுக்காம விட்டீங்க. நானும் அந்தக் கடைக்குப் போனேன். அடுக்கி வெச்சிருக்காங்க. ஒவ்வொண்ணா எடுத்துத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். கடைக்காரப் பையன், கட்டறதுக்கா பார்க்கறதுக்கான்னு கேட்டான்." அவள் துணிப்பையை இன்னும் சிறிதாக மடித்தாள். "இப்ப அது எங்கதான் இருக்குது?"

அவர் அவளைத் தட்டுகளிடம் அழைத்துப் போனார்.

"இதுல இருக்குதுங்க."

"இதுலயா?"

"ஆமாங்க. எது உங்க புள்ளயோடதுன்னு சொல்லத் தெரியல. ஆனா இதுக்குள்ளதான் இருக்குது. எங்கேயும் போயிரல."

பூவாத்தாள் இரு கைகளையும் ஏந்தினாள். அர்த்தநாரி குவளையைத் தேடவில்லை. தம் இரு கைகளாலும் அள்ளி அவள் கைகளில் இட்டார்.

அவள் அதை முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தாள். அதில் மணம் ஒன்றும் இல்லை.

"வேற யாரெல்லாம் இருக்காங்க இதுல?"

அர்த்தநாரி வாய் திறந்தார். "தெரியாதுங்க. அவுத்திருந்தா ஏதோ கொஞ்சமாச்சும் சொல்லியிருப்பேன்."

சடையன் முன்னால் வந்தார்.

"எனக்குத் தெரியுங்கம்மா. நான்தானே எடுத்துக் கட்டுனேன். சந்தப்பேட்டைல தையல்கடை வெச்சிருந்தாரே, அவரு. ஒரு லாரி டிரைவரு, வயசுப் பையன். ரேசன் கடை அம்மா. அப்பறம் பஸ் ஸ்டாண்டுல கிடந்தவர் ஒருத்தரு. அவருக்குக் கோடி போட ஆளில்ல. நான்தான் ஒரு துண்டு போட்டேன்."

பூவாத்தாள் கேட்டுக்கொண்டே நின்றாள். ஒவ்வொருவரைச் சொல்லும்போதும் கையைக் குனிந்து பார்த்தாள்.

"இது இனி என்ன ஆகும்?"

"ஆலைக்குப் போகுமுங்க," என்றார் அர்த்தநாரி. "மறுபடி நூலாகும். துணியாகும்."

"சீலையா?"

"ஆகலாமுங்க. சட்டையாகலாம். பள்ளிக்கூடப் பையாகலாம். சொல்ல முடியாது."

"யாராச்சும் கட்டுவாங்களா?"

"கட்டுவாங்க."

பூவாத்தாள் அதையே மனத்துக்குள் திரும்பச் சொல்லிப் பார்ப்பவள் போல நின்றாள். பிறகு தட்டின் மேல் குனிந்து கைகளைச் சாய்த்தாள். பொடி பொடியுடன் சேர்ந்தது.

"யாராச்சும் கட்டட்டும்," என்றாள். "நான் பூட்டி வெச்சேன்."

அவள் உள்ளங்கைகள் வெளுத்திருந்தன. அர்த்தநாரி ஓடிப்போய்ச் சொம்பில் நீர் மொண்டு வந்தார்.

அவள் கைகளைக் கழுவ நீட்டவில்லை. இரண்டையும் சேர்த்து மூடிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

அர்த்தநாரி நீரை மண்ணில் ஊற்றினார்.